'ரேம்' ஆல்பமும் அதன் மீதான இரண்டு தீர்ப்புகளும்

பீட்டில்ஸ் உடைந்து ஓராண்டு ஆகியிருந்த 1971 மே மாதத்தில் 'ரேம்' வெளிவந்தது. உறையில் இரண்டு பெயர்கள் இருந்தன: பால் மெக்கார்ட்னி, அவர் மனைவி லிண்டா மெக்கார்ட்னி. ஸ்காட்லாந்துப் பண்ணையில் ஒரு செம்மறிக் கிடாவின் கொம்புகளைப் பால் பிடித்துக்கொண்டிருக்கும் படம் முன்னட்டையில் இருந்தது. அந்தப் படத்தை எடுத்தவர் லிண்டா. உள்ளே பன்னிரண்டு தடங்கள்.

பத்திரிகைகள் இந்த ஆல்பத்தைத் துவைத்து எடுத்துவிட்டன. 'ரோலிங் ஸ்டோன்' இதழின் ஜான் லாண்டவ், அறுபதுகளின் ராக் இசை அழுகிக்கொண்டே போனதில் இதுவரை எட்டிய அடிமட்டம் இதுதான் என்று ஜூலை மாத விமர்சனத்தில் எழுதினார். பொருட்படுத்தவே தேவையில்லாத படைப்பு என்பதும் அவருடைய முடிவு. லண்டனின் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழில் ஆலன் ஸ்மித், மெக்கார்ட்னி செய்தவற்றிலேயே மோசமானது இது என்றார். விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் தன் வழக்கமான தர மதிப்பீட்டில் சி பிளஸ் போட்டு ஒதுக்கினார். பழைய தோழர் ரிங்கோ ஸ்டார்கூட, இதில் ஒரு மெட்டும் இல்லை என்று 'மெலடி மேக்கர்' பேட்டியில் வருத்தப்பட்டார்.

ரசிகர்களின் பதில் வேறாக இருந்தது. பிரிட்டனில் ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. அமெரிக்காவில் இரண்டாமிடம் வந்தது. அதிலிருந்து தனியாக வெளியிட்ட 'அங்கிள் ஆல்பர்ட் / அட்மிரல் ஹால்சி' செப்டம்பரில் அமெரிக்காவின் முதல் பாட்டானது. நாற்பதாண்டுகள் கழித்து விமர்சகர்களின் தொனியும் மாறியது. 2012 மறுவெளியீட்டுக்குப் 'பிட்ச்ஃபோர்க்' பத்துக்கு 9.2 கொடுத்தது. ஒரு காலத்தில் 'ரேம்' மீது மண்ணள்ளிப் போட்ட அதே 'ரோலிங் ஸ்டோன்', 2020இல் தொகுத்த தலைசிறந்த ஐந்நூறு ஆல்பங்களில் அதற்கு 450ஆவது இடம் தந்தது.

அப்படியானால் ரசிகர்கள் சொன்னதே சரி, விமர்சகர்கள் தோற்றார்கள் என்று கோப்பை மூடிவிடலாமா? மூடக் கூடாது. ஆல்பத்தின் தரத்தைப் பொறுத்தவரை ரசிகர்கள் பக்கம்தான் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் பாதிக்கு மேல் செல்லாதவை. விமர்சகர்கள் தவறான முடிவுக்கு வந்தார்கள், ஆனால் போகிற வழியில் ஒரு நிஜமான நோயைக் கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் 'ரேம்' பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது, விமர்சனத்துக்கு ரசிகர் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது.

முதலில் விமர்சகர் தரப்பு. அவர்களின் குற்றச்சாட்டுகளைச் சுருக்கினால் மூன்று வரும். ஒன்று, ஆல்பத்தில் உணர்ச்சி இல்லை, வெறும் சாமர்த்தியம்தான் இருக்கிறது. இரண்டு, காலம் கொதித்துக்கொண்டிருக்கும்போது இது வீடு, பண்ணை, சாப்பாடு என்று பாடுகிறது. மூன்று, பீட்டில்ஸில் மெக்கார்ட்னியின் தித்திப்புக்குக் கடிவாளம் போட்டவர் ஜான் லெனன், அந்தக் கடிவாளம் போனதும் பாட்டு இனிப்புப் பண்டமாகிவிட்டது.

இவை வன்மத்தில் பிறந்தவை அல்ல. அந்தப் பருவத்தின் செவி அப்படிப் பழகியிருந்தது. 1970 டிசம்பரில் லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' வந்தது. தாயை இழந்த வலியைக் கத்தித் தீர்த்த ஆல்பம் அது. அதற்குச் சில வாரம் முன்பு இன்னொரு பீட்டிலான ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' மூன்று தட்டுகளாக வந்து கடவுளைத் தேடியது. 'ரேம்' வெளியான அதே வாரத்தில் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளியாகி, போரிலிருந்து திரும்பியவனின் கண் வழியாக அமெரிக்காவைப் பார்த்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. இந்த வரிசையில் உக்குலேலே மீட்டிக்கொண்டு நுழைந்தவரிடம் விமர்சகர்கள் பொறுமை காட்டாததில் வியப்பில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1970 ஏப்ரலில், முதல் தனி ஆல்பத்தோடு மெக்கார்ட்னி பத்திரிகைகளுக்குக் கொடுத்த கேள்வி பதில் தாளின் வழியாகத்தான் பீட்டில்ஸ் முடிந்துபோன செய்தி உலகுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி மற்ற மூவர் மீதும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அவர் வழக்குப் போட்டார். 1971 தொடக்கத்தில் 'ரோலிங் ஸ்டோன்' வெளியிட்ட நீண்ட பேட்டியில் லெனன் தன் தரப்பைக் கொட்டித் தீர்த்தார். குடும்பத்தை உடைத்தவர் என்ற பழி பால் மேலும், வந்து கெடுத்தவள் என்ற பழி லிண்டா மேலும் விழுந்தன. லிண்டா மீதான வெறுப்பில் ரசிகர்களும் சளைத்தவர்கள் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரசிகர் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் ஆல்பத்தைத் தாங்கிப் பிடித்தது என்பது பிற்பாடு கட்டிய கதை.

இனி ரசிகர் தரப்பு. ஐம்பதாண்டுகளாக அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பதில்கள் நான்கு.

முதலாவது, விற்பனை. இவ்வளவு பேர் வாங்கியிருக்கிறார்களே, மோசமாக இருக்குமா என்ற கேள்வி. இந்தப் பதில் நிற்காது. 1971இல் ஒரு பீட்டிலின் பெயர் போட்டு எது வந்திருந்தாலும் முதல் வாரம் விற்றிருக்கும். வாங்கியவர் எத்தனை முறை கேட்டார், எதற்காகக் கேட்டார் என்பதை விற்பனைக் கணக்கு சொல்லாது.

இரண்டாவது, காழ்ப்பு. விமர்சகர்கள் லெனன் கட்சி, அதனால்தான் பாலைக் குதறினார்கள் என்பது. மேலே சொன்ன சூழலைப் பார்த்தால் இதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் லாண்டவின் பிந்தைய எழுத்தை எடுத்துப் பாருங்கள். 1974 ஜனவரியில் அதே மெக்கார்ட்னியின் 'பேண்ட் ஆன் தி ரன்' ஆல்பத்தை அதே இதழில் அவர்தான் விமர்சித்தார். பழைய பீட்டில்ஸ் நால்வரும் தனித்தனியாக வெளியிட்டவற்றில், 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' ஒன்றைத் தவிர்த்தால், இதுவே மிகச் சிறந்தது என்று பாராட்டினார். ஆள் மீது வன்மம் வைத்திருப்பவர் இப்படி எழுத மாட்டார். அவருக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அது தவறாக இருக்கலாம், ஆனால் நேர்மையானது. ஒருவேளை காழ்ப்பே இருந்திருந்தாலும், காழ்ப்போடு சொல்லப்பட்டது என்பதாலேயே ஒரு கருத்து பொய்யாகிவிடாது. சொன்னவரை விட்டுவிட்டுச் சொன்னதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, காலம். காலம் எங்களை மெய்ப்பித்துவிட்டது என்பது. இதையும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'ரேம்' வந்த ஏழு மாதத்தில் மெக்கார்ட்னியின் புதிய குழுவான விங்ஸின் முதல் ஆல்பமான 'வைல்ட் லைஃப்' வந்தது. அதையும் விமர்சகர்கள் தாக்கினார்கள், அதற்கும் ரசிகர்கள் வரிந்துகட்டினார்கள். அதற்கு 'ரேம்' அளவுக்கு மறுவாழ்வு கிடைக்கவில்லை. ஆக, காலம் தானாக எதையும் உயர்த்துவதில்லை. யாரோ சிலர் திரும்பக் கேட்டு, காரணம் சொல்லி, அடுத்தவரையும் கேட்க வைத்தால்தான் உயர்கிறது.

நான்காவது பதில் மிகவும் எளிமையானது: பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வெறும் பிடிவாதமாகத் தோன்றும் இந்தப் பதில்தான் நான்கிலும் வலுவானது. சோதனைக்கு இடம் கொடுக்கும் பதில் இது ஒன்றுதான். அந்தச் சோதனையைச் செய்து பார்ப்போம்.

'டியர் பாய்' இரண்டே கால் நிமிடம் ஓடும் பாட்டு. பியானோ முன்னால் நடக்க, அதன் மேல் பாலின் குரல் ஏறுகிறது. அதைச் சுற்றி பாலும் லிண்டாவும் அடுக்கடுக்காகப் பதிந்த குரல்கள் ஒன்றை ஒன்று துரத்தி இறங்குகின்றன. ஒரு குரல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்தது வேறு இடத்தில் தொடங்கிவிடுகிறது. பாட்டின் பொருள், கிடைத்த செல்வத்தின் அருமை தெரியாமல் கைநழுவ விட்ட ஒருவனிடம் பேசுவது. லிண்டாவின் முதல் கணவரை நினைத்து எழுதியது என்று பால் பின்னால் சொன்னார். லெனனோ அது தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார். மேலுக்கு இனிமையாக இருக்கும் அந்தக் குரல் அடுக்கின் கீழே ஒரு வெற்றிக் களிப்பும், அதற்கும் கீழே ஒரு பரிதாபமும் ஓடுகின்றன. இதில் உணர்ச்சி இல்லை என்று சொல்வது செவிக்குறை.

'அங்கிள் ஆல்பர்ட் / அட்மிரல் ஹால்சி' துண்டுகளைத் தைத்துச் செய்த பாட்டு. முதல் பாதியில் ஓர் இளைஞன் தன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறான். மழையும் இடியும் கேட்கின்றன. தொலைபேசியின் சத்தத்தைப் பால் வாயாலேயே எழுப்புகிறார். பிறகு மார்வின் ஸ்டாமின் ஃப்ளூகல்ஹார்ன் நுழைந்து கதவைத் திறந்துவிட, பாட்டு தாளம் மாறித் துள்ளத் தொடங்குகிறது. பழைய தலைமுறையிடம் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிட்டு அந்த வருத்தத்தை உதறிவிட்டு ஓடும் இளமை இது. வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இது விளங்காது. தாளம் மாறுகிற இடத்தில்தான் பொருள் இருக்கிறது. இதன் இசை அமைப்புக்குக் கிராமி விருது கிடைத்தது என்பதைவிட, இதில் எந்தத் துண்டும் அடுத்த துண்டை எதிர்பார்க்க வைக்காமல் முடிவதில்லை என்பதே முக்கியம்.

கடைசிப் பாட்டு 'தி பேக் சீட் ஆஃப் மை கார்'. 1969 ஜனவரியில், பீட்டில்ஸ் ஒத்திகையின்போதே பால் இதைப் பியானோவில் வாசித்துக் காட்டியிருந்தார். அங்கே அது வளரவில்லை. இங்கே நியூயார்க் பில்ஹார்மோனிக் கலைஞர்களின் வாத்தியங்களோடு, பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதித் தந்த அமைப்போடு முழு வடிவம் பெற்றது. பெற்றோரின் கண்ணுக்குத் தப்பிக் காரில் கிளம்பும் இரண்டு காதலர்களின் கதை மெதுவாகத் தொடங்குகிறது. நடுவில் தயங்குகிறது, கிசுகிசுக்கிறது, பிறகு தாங்கள் தவறு செய்யவில்லை என்ற ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மேலே மேலே ஏறுகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு முறை பொங்கி எழுகிறது. நீதிமன்றத்தில் மூன்று நண்பர்களை எதிர்த்து நின்றவர், மனைவியின் குரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பாடுகிறார் என்பதை நினைவில் வைத்தால், இந்தச் சிறுபிள்ளைக் காதல் கதைக்குள் எவ்வளவு பிடிவாதமும் பயமும் இருக்கின்றன என்று தெரியும்.

மெட்டே இல்லை என்ற ரிங்கோவின் குறையைச் சோதிக்க ஒரு கருவி நம் கையில் இருக்கிறது. 1971 ஜூனிலேயே ரிச்சர்ட் ஹியூசனைக் கொண்டு முழு ஆல்பத்தையும் வாத்திய இசையாக மெக்கார்ட்னி பதிவு செய்தார். 1977இல் 'திரில்லிங்டன்' என்ற புனைபெயரில் அது வெளிவந்தது. அவருடைய குரல் இல்லை, வரிகள் ஏறக்குறைய இல்லை. இருந்தும் ஒவ்வொரு பாட்டும் அடையாளம் தெரிகிறது, தன் காலில் நிற்கிறது. மெட்டு இல்லாத பாட்டு இந்தச் சோதனையில் தேறாது.

உணர்ச்சி இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு இன்னும் வலுவான சாட்சி லெனனே. 'டூ மெனி பீப்பிள்' பாட்டில் ஊருக்கு உபதேசம் செய்பவர்களைப் பற்றி வந்த இடிப்பு யாரை நோக்கியது என்று அவருக்கு உடனே உறைத்தது. பின்னட்டையில் ஒரு 'பீட்டில்' வண்டின் மேல் இன்னொரு வண்டு ஏறியிருக்கும் படம் என்ன சொல்கிறது என்பதும் புரிந்தது. செப்டம்பரில் வந்த 'இமாஜின்' ஆல்பத்தில் 'ஹவ் டு யூ ஸ்லீப்?' என்று நேராகத் திருப்பி அடித்தார். கூடவே, கிடாவின் கொம்பைப் பிடித்த பாலைக் கேலி செய்து, தான் ஒரு பன்றியின் காதைப் பிடித்த படத்தையும் வைத்தார். விமர்சகர்களுக்கு வெறும் சர்க்கரையாகத் தெரிந்த ஆல்பம், அது யாரைக் குறிவைத்ததோ அவரைச் சரியாகக் குத்தியிருக்கிறது. கோபத்தை இனிமையான மெட்டுக்குள் வைத்துப் பாடுவது மெக்கார்ட்னியின் முறை. கோபம் என்றால் கத்த வேண்டும் என்று 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' பழக்கிய செவிக்கு அது கோபமாகவே கேட்கவில்லை.

வீட்டைப் பாடுவது பொருளற்றது என்ற இரண்டாவது குற்றச்சாட்டும் இதனோடு விழுகிறது. லெனனின் ஆல்பமும் ஒரு தனி மனிதனின் வீட்டுக் கதைதான்: தாய், தந்தை, மனைவி. அந்த வலி உலகத்துக்குரியது, இந்த நிம்மதி மட்டும் சொந்த விவகாரம் என்று பிரிப்பதற்கு எந்த இலக்கணமும் கிடையாது. மகிழ்ச்சியைப் பாடுவது துயரத்தைப் பாடுவதைவிடக் கடினம். 'ஹார்ட் ஆஃப் தி கண்ட்ரி'யில் கிடாரோடு கூடவே குரலும் சொல்லில்லாமல் ஓடும் அந்தச் சில நொடிகளில் ஒரு மனிதன் ஊரை விட்டு வந்ததன் இலேசான உடம்பு கேட்கிறது. அதை எழுதிச் செய்துவிட முடியாது.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் நிற்கிறது. தட்டிக்கேட்க ஆள் இல்லை என்பது உண்மை. 'லாங் ஹேர்டு லேடி' ஆறு நிமிடம் ஓடுகிறது, நான்கில் முடிந்திருக்க வேண்டும். அதன் இறுதிப் பகுதி சுற்றிச் சுற்றி வருவதில் எந்த ஏற்றமும் இல்லை. 'த்ரீ லெக்ஸ்' ஒரு ப்ளூஸ் விளையாட்டு, அதைத் தாண்டி எங்கும் போகவில்லை. 'ஸ்மைல் அவே' ஒரு நகைச்சுவையை மூன்று முறை சொல்கிறது. 'மங்க்பெரி மூன் டிலைட்' பாட்டைத் தொண்டை கிழியும் அந்தக் குரல் காப்பாற்றுகிறது, ஆனால் வரிகளில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, இந்த வரி வேண்டாம், இந்த இடத்தில் நிறுத்து என்று சொல்லியிருந்தால் இவை மாறியிருக்கும். 'வைல்ட் லைஃப்' ஆல்பத்தில் இதே நோய் முற்றியது. ஆகவே லாண்டவ் கண்டது ஒரு நிஜமான போக்கு. அவர் செய்த பிழை, சில தடங்களில் இருக்கும் நோயை ஆல்பத்தின் மரணமாக அறிவித்தது.

பின்னாளைய பாராட்டிலும் ஒரு மிகையைக் கழிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கைப்போக்கில் செய்த கரடுமுரடான இசை என்றும், இண்டி பாப்பின் தாய் என்றும் 'ரேம்' இப்போது கொண்டாடப்படுகிறது. பெரும்பாலும் வீட்டில் தனியாளாகப் பதிவு செய்தது 1970இல் வந்த முதல் ஆல்பம். 'ரேம்' அப்படிப் பிறக்கவில்லை. நியூயார்க்கின் பெரிய ஸ்டூடியோக்களில், டேவிட் ஸ்பினோசா, ஹியூ மெக்ராக்கன், டெனி சீவெல் போன்ற கைதேர்ந்த கலைஞர்களை வைத்து மாதக்கணக்கில் உழைத்துச் செய்தது. அதன் இலேசுத்தன்மை திட்டமிட்ட வேலை. அதைத் தற்செயலாக்கிப் புகழ்வது அந்த உழைப்பையே மறைக்கிறது. லிண்டாவின் பங்குக்கும் இதே நீதி வேண்டும். அவர் பயின்ற பாடகி அல்ல. ஆனால் அந்த வெறுமையான, அலங்காரமில்லாத குரல் சேர்ந்த பிறகுதான் பாலின் குரலில் இருந்த மெருகு மனித நிறம் பெறுகிறது. பீட்டில்ஸ் ஆல்பங்களில் இல்லாத ஒலி அது.

ரசிகர்களின் மிகச் சிறந்த பதில் எழுத்தில் வரவில்லை, இசையாக வந்தது. போர்ட்லாந்து இசைக்கலைஞர் டேவ் டெப்பர், 'ரேம்' முழுவதையும் தானே எல்லா வாத்தியங்களையும் வாசித்து மறுபடி பதிவு செய்து 2011இல் வெளியிட்டார். ஐம்பதாம் ஆண்டில், முதல் பதிவில் டிரம்ஸ் வாசித்த அதே டெனி சீவெல், ஃபெர்னாண்டோ பெர்டோமோவோடு சேர்ந்து முழு ஆல்பத்தையும் மீண்டும் செய்தார். ஒரு பாட்டைத் திரும்பக் கட்டுகிறவர் அதன் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். எங்கே வலு இருக்கிறது, எங்கே வெறும் பூச்சு என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிடித்திருக்கிறது என்ற உணர்வை விளக்கமாக மாற்றும் வேலை அது. விமர்சனமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

தீர்ப்புக்கு வருகிறேன். 'ரேம்' ஒரு சிறந்த ஆல்பம், குறையில்லாத ஆல்பம் அல்ல. 'டூ மெனி பீப்பிள்', 'டியர் பாய்', 'அங்கிள் ஆல்பர்ட்', 'ஹார்ட் ஆஃப் தி கண்ட்ரி', 'தி பேக் சீட் ஆஃப் மை கார்' ஆகிய ஐந்தும் மெக்கார்ட்னி தனியாகச் செய்தவற்றின் உச்சியில் இருக்கின்றன, பீட்டில்ஸ் பாட்டுகளின் பக்கத்தில் வைத்தாலும் கூனிக்குறுகாது. 1971இன் விமர்சகர்கள் முடிவில் தவறினார்கள். தங்களுக்குத் தேவையான ஆல்பம் இது இல்லை என்பதை, இது ஆல்பமே இல்லை என்று எழுதினார்கள். வெளிவந்த சில வாரத்தில் எழுத வேண்டிய அவர்களுக்கு, ஐம்பது முறை கேட்கும் ரசிகருக்குக் கிடைக்கும் செவி கிடைக்கவில்லை. அந்தச் செவிதான் ரசிகரின் உண்மையான பலம். விற்பனையும் விசுவாசமும் அதற்கு ஈடாகாது.

ஆனால் ஐம்பது முறை கேட்டும் ஒரு குறைகூடக் கண்ணில் படவில்லை என்றால் அந்தச் செவி வேலை செய்யவில்லை என்றே பொருள். தான் நேசிக்கும் ஆல்பத்தில் எந்தப் பாட்டு தோற்றது என்று சொல்லத் தெரிந்தவரின் பாராட்டுக்குத்தான் எடை உண்டு. தனக்குப் பிடித்த கலைஞரின் புதிய தனி ஆல்பம் பத்திரிகையில் அடி வாங்கும்போது கொதிக்கும் ஒவ்வொரு ரசிகருக்கும் 'ரேம்' கற்றுத் தருவது இதுதான்: விமர்சகரின் உள்நோக்கத்தைத் தேடாதீர்கள், பாட்டின் பெயரைச் சொல்லுங்கள், அதில் அவர் எதைக் கேட்கத் தவறினார் என்று காட்டுங்கள், அவர் சரியாகக் கேட்ட இடத்தை ஒப்புக்கொள்ளுங்கள். 'ரேம்' வென்றது அந்த வழியில்தான்.